எந்தப் படத்துப் பாட்டு?

"நல்லா இருக்கே, எந்தப் படம்?"

சொந்தமாக ஒரு பாட்டைப் பாடிக் காட்டினால் நம் ஊரில் முதலில் வருகிற கேள்வி இதுதான். கேட்பவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. 1931இல் 'காளிதாஸ்' திரைக்கு வந்ததிலிருந்து தமிழ்நாட்டில் பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு என்று ஆகிவிட்டது. டீக்கடையில், டவுன் பஸ்ஸில், கல்யாண மண்டபத்தில், பள்ளிக்கூட ஆண்டுவிழாவில், பண்பலை வானொலியில் எல்லாம் அதுதான். சாமி பாட்டு, கர்நாடக சங்கீதம், கானா, கிராமியப் பாட்டு, கட்சிப் பாட்டு என்று மற்றவையும் இருக்கத்தான் செய்கின்றன. அவற்றுக்கென்று தனி மேடை, தனிக் கூட்டம், தனி மாதம்கூட ஒதுக்கி வைத்திருக்கிறோம். இவை எதிலும் சேராமல், "நானே எழுதினேன், நானே மெட்டுப் போட்டேன், கேளுங்கள்" என்று ஒருவர் வந்து நின்றால் அவரை எங்கே உட்காரவைப்பது என்று நமக்குத் தெரிவதில்லை.

அப்படி வந்து நிற்கிறவர்களில் ஒருத்தி நான். மதுரையில் இருக்கிறேன். வாரநாட்களில் ஒரு பள்ளியில் இசை ஆசிரியை. சம்பளம் அங்கிருந்து வருகிறது. குடும்பச் செலவு போக மிஞ்சுவது பாட்டுக்குப் போகிறது. சுயாதீன இசை என்று பத்திரிகைகள் சொல்கிற இந்தத் துறையில் எனக்குத் தெரிந்த எல்லோரும் ஏறக்குறைய இப்படித்தான். ஒருவர் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறார், ஒருவர் கல்யாண வீடியோ எடிட் செய்கிறார், இன்னொருவர் சினிமாவுக்குக் கோரஸ் பாடுகிறார்.

பாட்டை உருவாக்குவதும் கஷ்டம், அதைப் பரப்புவதும் கஷ்டம் என்று பொதுவாகச் சொல்வார்கள். என் அனுபவத்தில் உருவாக்கும் கஷ்டம் தாங்கக்கூடியது. அதில் மனநிறைவும் உண்டு. உருவான பாட்டு யாருக்குச் சொந்தம், யார் காதுக்குப் போய்ச் சேருகிறது, சேர்ந்தபின் உழைத்தவர் கைக்கு என்ன வருகிறது என்ற இடத்தில்தான் நல்ல திறமைசாலிகள் ஓய்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

பாட்டுப் பதிவு என்றால் கோடம்பாக்கம், சாலிகிராமம் என்று ரயிலேறிப் போய், மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஸ்டூடியோவில் நிற்க வேண்டியிருந்த காலம் முடிந்துவிட்டது. ஒரு மடிக்கணினி, ஆடியோ இன்டர்ஃபேஸ், கண்டென்சர் மைக், காதை மூடும் ஹெட்போன் இருந்தால் வீட்டிலேயே பதிவு செய்யலாம். மென்பொருளில் ஆடாசிட்டி இலவசம். நான் பயன்படுத்தும் ரீப்பருக்கு 60 டாலர். கடையில் விலைக்குக் கிடைக்காதது அமைதி மட்டும்தான். கண்டென்சர் மைக் பாடுகிறவரின் மூச்சைக்கூடப் பிடிக்கும். அதே கவனத்தோடு பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும், "பழைய இரும்பு, பித்தளை, பிளாஸ்டிக்" என்று ஒலிபெருக்கி வைத்து வருகிற வண்டியையும் பிடிக்கும். மாடி அறையின் சுவரெல்லாம் மெத்தையும் கம்பளியும் தொங்கவிட்டிருக்கிறேன். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பாட வேண்டும். மதுரையில், சித்திரை மாதத்தில். ஆடி பிறந்துவிட்டால் தெருவுக்குத் தெரு அம்மன் பாட்டு. அப்போது பதிவு எல்லாம் நள்ளிரவு தாண்டித்தான். குரல் அந்த நேரத்தில் தடித்துக் கிடக்கும். அதையும் பாட்டின் குணமாக எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டேன்.

ஒரு பாட்டுக்குப் பறை தேவைப்பட்டது. கணினியில் பறையின் ஒலி ஆயத்தமாகக் கிடைக்கிறது. கீபோர்டில் தட்டினால் போதும். இன்று பல பாட்டுகளில் நாம் கேட்கும் பறை அப்படித் தட்டியதுதான். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், ஐந்து பேர் கொண்ட குழுவை வைத்துப் பதிவு செய்தோம். மூடிய அறையில் பறையை அடித்தால் சத்தம் சுவரில் மோதித் திரும்பி ஒன்றோடொன்று குழம்பிவிடும். திறந்த வெளிதான் அதற்கு வீடு. வலக்கையில் குட்டையான அடிக்குச்சி, இடக்கையில் மூங்கிலில் சீவிய நீளமான சிண்டுக்குச்சி. சிண்டுக்குச்சி சுள்ளென்று விழும்போது பக்கத்தில் கண்டென்சர் மைக் இருந்தால் பதிவு பிளந்துவிடும். அதனால் கிட்டத்தில் முரட்டு மைக், தள்ளி ஒரு கண்டென்சர் என்று வைத்தோம்.

அதன்பிறகுதான் தோல் தன் வேலையைக் காட்டியது. வாசிக்கும் முன் வைக்கோலைக் கொளுத்தி அந்தச் சூட்டில் பறையைக் காய்ச்சுவார்கள். தோல் இறுகி ஒலி மேலே ஏறும். பனி இறங்க இறங்கத் தோல் தளர்ந்து ஒலியும் தணியும். நேரில் கேட்பவருக்கு இது உறைக்காது, பதிவில் உறைக்கும். இப்போதெல்லாம் யாரும் பாட்டை ஒரே மூச்சில் பதிவு செய்வதில்லை. பல முறை வாசித்து, நன்றாக வந்த துண்டுகளை வெட்டி ஒட்டுவோம். முன்னிரவில் அடித்த துண்டையும் பின்னிரவில் அடித்த துண்டையும் ஒட்டிப் பார்த்தால் வேறு வேறு பறையாகக் கேட்டது. ஒட்டுவேலையையே கைவிட்டோம். ஒவ்வொரு முறையும் புதிதாகக் காய்ச்சுவது, முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் வாசிப்பது, பிசகினால் மறுபடியும் நெருப்பு.

இன்னொரு சிக்கல் கிளிக். எல்லா வாத்தியமும் ஒரே வேகத்தில் வர வேண்டும் என்பதற்காக வாசிப்பவர் காதில் கணினி 'டிக் டிக்' என்று தாளம் தட்டிக்கொண்டே இருக்கும். குழுவின் மூத்தவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார். "தாயி, இந்த டிக்கு டிக்குச் சத்தத்த நிப்பாட்டிருங்க. நாங்க ஒருத்தர ஒருத்தர் பாத்து அடிக்கிறவங்க. இது எங்களப் பாக்க மாட்டேங்குது."

"சரிங்கய்யா, நான் எதுத்தாப்புல நின்னு பாடுறேன், என்னயப் பாத்து அடிங்க" என்றேன். அப்படித்தான் பதிவானது. வேகம் சில இடத்தில் ஏறியது, சில இடத்தில் தணிந்தது. வயலினையும் கிட்டாரையும் பிறகு பறைக்கு ஏற்றபடி வாசிக்கவைத்தோம். வேலை இரட்டிப்பானது. அந்தப் பாட்டில் உனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் சொல்வேன்.

ஐந்து பேருக்கும் சம்பளம், வேன், சாப்பாடு, பிறகு மிக்ஸிங், மாஸ்டரிங் என்று என் இரண்டு மாதச் சம்பளம் அந்த ஒரு பாட்டுக்குப் போனது. வீடியோ எடுப்பதாக இருந்தால் இதைப்போல் இன்னும் இரண்டு மடங்கு. நான் எடுக்கவில்லை.

இனி உரிமைக்கு வருகிறேன். பாட்டுக்காரர்கள் பலரும் கவனிக்காமல் விடும் இடம் இது.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. சொல்லும் மெட்டும் ஒன்று. அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னொன்று. மனை ஒருவர் பெயரிலும் அதன்மேல் கட்டிய வீடு இன்னொருவர் பெயரிலும் இருக்கலாம் இல்லையா, அப்படி. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி சொல்லுக்கும் மெட்டுக்கும் உரிமை அவற்றை உருவாக்கியவரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும். ஒலிப்பதிவுக்கு அது வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள். எழுதிய மாத்திரத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் நாளை வழக்கு என்று வந்தால் சான்று வேண்டும். சொல்லுக்கும் மெட்டுக்கும் தலைக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய் கட்டிப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளலாம்.

இரண்டு சொத்து என்பதால் பணமும் இரண்டு வழியில் வருகிறது. பாட்டுச் செயலிகளில் நம் பாட்டை ஏற்றித்தரும் விநியோக நிறுவனங்கள் ஒலிப்பதிவுக்கான பணத்தைத்தான் கொண்டுவந்து தரும். சொல்லுக்கும் மெட்டுக்கும் உரிய பணத்தை வசூலிப்பது ஐ.பி.ஆர்.எஸ். என்கிற பாடலாசிரியர், இசையமைப்பாளர், பதிப்பாளர் சங்கம். 1969இல் தொடங்கியது, மும்பையில் இருக்கிறது. வானொலி, தொலைக்காட்சி, மேடை, செயலி எல்லாவற்றிடமும் வசூலித்து உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. உறுப்பினராகச் சேர்ந்து, ஒவ்வொரு பாட்டையும் அவர்களிடம் பதிந்தால்தான் பங்கு. பல ஆண்டுகளாகப் பாடிக்கொண்டிருக்கும் நண்பர்களில் இந்த இரண்டாவது வழி இருப்பதே தெரியாதவர்கள் உண்டு.

2012இல் இந்தச் சட்டத்தில் ஒரு பெரிய திருத்தம் வந்தது. மாநிலங்களவையில் இருந்த பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் அதற்காக முன்னின்று போராடினார். அதற்கு முன் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்துவிடுவதே நடைமுறை. திருத்தத்திற்குப் பின், படத்திலோ ஒலிப்பதிவிலோ இடம்பெறும் பாட்டின் ராயல்டிப் பங்கை எழுதியவரும் மெட்டமைத்தவரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவே முடியாது. வாரிசுக்கோ, பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் கொடுக்கலாம். மனம் விரும்பிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்தக் கையெழுத்து செல்லாது. பாடியவர்களுக்கும் வாசித்தவர்களுக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி பெறும் உரிமையை அதே திருத்தம் தந்தது.

ஒலிப்பதிவுக்கு இந்த அளவு பாதுகாப்பு இல்லை. அங்கேதான் ஒப்பந்தம் வருகிறது. என் பாட்டு ஒன்றைக் கேட்டுவிட்டு ஒரு இசை நிறுவனத்திலிருந்து பேசினார்கள். அவர்களுடைய யூடியூப் அலைவரிசைக்குக் கோடிக்கணக்கில் சந்தாதாரர்கள். "உங்க பாட்டு ஒரே வாரத்துல லட்சம் பேருக்குப் போகும் மேடம்" என்றார் பேசியவர். உண்மைதான், போகும். அனுப்பிய ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலம். பொறுமையாகப் படித்தால் நடுவில் ஒரு வரி: உலகம் முழுவதற்கும், என்றென்றைக்கும், இன்னும் கண்டுபிடிக்கப்படாத ஊடகங்கள் உட்பட, ஒலிப்பதிவு அவர்களுக்குச் சொந்தம். அந்த 'என்றென்றைக்கும்' எதற்கு வருகிறது என்றால், ஒப்பந்தத்தில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் உரிமை மாற்றம் 5 ஆண்டுக்குத்தான் செல்லும் என்று நம் சட்டம் சொல்கிறது. இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். அதனால்தான் இரண்டையும் மறக்காமல் எழுதுகிறார்கள். 5 ஆண்டு என்று மாற்றித் தாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அதற்குப் பிறகு அங்கிருந்து அழைப்பு இல்லை. அந்தப் பாட்டைச் சில ஆயிரம் பேர்தான் கேட்டிருக்கிறார்கள். அது இன்னும் என்னுடையதாக இருக்கிறது. இதே மாதிரி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நண்பர் ஒருவர் உண்டு; அவரை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டு வாடகைக்கு மூன்று மாதம் பாக்கி இருப்பவரிடம் 'என்றென்றைக்கும்' என்பதன் பொருளை விளக்க எனக்கு வாய் வராது.

நாட்டார் மெட்டை எடுத்துப் பாடுகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி. என் அப்பத்தா பாடிய தாலாட்டு ஒன்றை, அவர் சொன்ன சொல்லிலேயே பாடி யூடியூபில் போட்டேன். யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாத பாட்டு. இரண்டு நாளில் ஒரு நிறுவனம் அதன்மேல் உரிமை கோரியதாக அறிவிப்பு வந்தது. கேசட் காலத்தில் அவர்கள் வெளியிட்ட ஒரு பதிவில் அதே மெட்டு இருந்திருக்கிறது. யூடியூபின் 'கன்டென்ட் ஐடி' என்ற ஏற்பாடு, பதிவு செய்துவைத்த ஒலிகளோடு புதிதாக வரும் ஒலியை ஒப்பிட்டுத் தானாகவே பிடித்துக்கொடுக்கும். மெட்டு ஊருக்குப் பொது, பதிவு மட்டும்தான் அவர்களுக்குச் சொந்தம் என்ற வேறுபாடு இயந்திரத்துக்குத் தெரியாது. மறுப்புத் தெரிவித்தால் உரிமை கோரியவர் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். புதிய பாட்டுக்கு முதல் மாதம்தான் உயிர். அந்த மாதம் இப்படிக் கழிந்தது. கடைசியில் உரிமைக்கோரல் தானாகக் காலாவதியானது. பெரிய நிறுவனங்கள் நேரடியாக அணுகக்கூடிய கன்டென்ட் ஐடி ஏற்பாட்டைத் தனியாள் ஒருவர் விநியோக நிறுவனம் வழியாகத்தான் தொட முடியும்.

காசுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது மாதச் சந்தா 119 ரூபாய். அதே நேரத்தில் அமெரிக்காவில் ஏறத்தாழ 10 டாலர், அதாவது 700 ரூபாய். இங்கே சந்தா கட்டாமல் விளம்பரத்தோடு கேட்பவர்களே மிகுதி. ஒரு முறை கேட்டால் இத்தனை பைசா என்று ஸ்பாட்டிஃபை தருவதில்லை. ஒரு நாட்டில் வசூலான தொகையில் உரிமையாளர்களுக்கான பங்கைப் பொதுவில் வைத்து, மொத்தக் கேட்பில் யாருக்கு எவ்வளவு என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். வசூல் சிறிது; அதில் சினிமாப் பாட்டுகள் எடுத்தது போக மிச்சம்தான் மற்றவர்களுக்கு. 2024லிருந்து இன்னொரு விதி: கடந்த 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது. யூடியூபில் விளம்பர வருமானம் வேண்டுமானால் 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். நான்கு நிமிடப் பாட்டு என்றால் 60,000 பேர் முழுசாகக் கேட்க வேண்டும். பாட்டை ஏற்றித்தரும் விநியோக நிறுவனங்கள் சிலவற்றில் ஆண்டுச் சந்தா கட்டுவது நின்றால் பாட்டும் இறங்கிவிடும். வேறு நிறுவனத்துக்கு மாறுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்று எழுத்தும் எண்ணுமாக 12 இடம் கொண்ட ஒரு குறியீடு உண்டு. பழைய குறியீட்டையே கொடுத்து ஏற்றினால்தான் அதுவரை சேர்ந்த எண்ணிக்கை கூடவே வரும்.

நம் ஊரில் பாட்டு பரவும் விதமே வேறு. தோப்பில் பதிவு செய்த அந்தப் பறைப் பாட்டை யாரோ எம்.பி.3யாக மாற்றி வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கிறார்கள். மேலூர் போகும் மினி பஸ்ஸில் அதைக் கேட்டேன். ஓட்டுநரிடம் எப்படி வந்தது என்று கேட்டதற்கு, "மச்சான் குரூப்ல போட்டான்க்கா" என்றார். மனசு நிறைந்துதான் போனது. ஆனால் பஸ்ஸில் இருந்த அத்தனை பேர் கேட்டதும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

பரவிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யைவிடப் பரவிய தமிழ்ச் சுயாதீனப் பாட்டு எனக்குத் தெரிந்து இல்லை. பாடகி தீயும் பாடகர் அறிவும் பாடியது, சந்தோஷ் நாராயணன் இசை. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். அதே ஆண்டு ஒரு இசைப் பத்திரிகையின் அட்டையில் அறிவின் படம் இல்லாமல்போனது பெரிய விவாதமானது. 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகவே சொன்னார். கணக்கில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் சினிமாவில் பெயர்பெற்ற இசையமைப்பாளருக்கே இந்த நிலை என்றால், ஊர்ப்பக்கத்திலிருந்து முதல் பாட்டு போடுகிற பையன் எப்படித் தப்பிப்பான் என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பதிவுக்கு முன்னால் ஒரே ஒரு தாள், தமிழில். சொல் யாருடையது, மெட்டு யாருடையது, ஒலிப்பதிவு யாருடையது, வாசித்தவர்களுக்கு இன்று எவ்வளவு, பிறகு பணம் வந்தால் எத்தனை சதவீதம், படத்துக்கு யாராவது கேட்டால் யாருடைய சம்மதம் வேண்டும், எந்தெந்தப் பெயர் எந்த வரிசையில் வரும். எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது சத்தமாகப் படித்துக் கையெழுத்து. பறை வாசித்த ஐந்து பேரின் பெயரும் பாட்டின் விவரத்தில் இருக்கிறது. நண்பர்களுக்குள் தாள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நண்பர்களாகவே இருக்கத்தான் தாள்.

விளம்பரம் என்ற பகுதியில் எனக்கு உற்சாகம் குறைவு. உலகில் நாள்தோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் பாட்டுகள் செயலிகளில் ஏறுகின்றன. 2025 நவம்பரில் பிரான்சின் டீசர் என்ற பாட்டுச் செயலி நிறுவனம், தன்னிடம் நாள்தோறும் வருகிறவற்றில் 50,000 முழுக்கச் செயற்கை நுண்ணறிவு செய்தவை என்று சொன்னது. இந்த வெள்ளத்தில் நம் பாட்டை யாராவது கவனிக்க வேண்டும். ரீல்ஸுக்கு ஏற்றபடி முதல் சில நொடியிலேயே பல்லவியின் உச்சம் வர வேண்டும் என்று ஆலோசனை சொல்கிறார்கள். என் பறைப் பாட்டு தாளமில்லாத ஒரு விருத்தத்தோடு தொடங்குகிறது. அதை வெட்டச் சொன்னார்கள், வெட்டவில்லை. விருத்தம் முடிந்து பறை விழுகிற அந்த இடத்துக்காகத்தான் பாட்டே. ஐந்தாயிரம் ரூபாய்க்கு ஐம்பதாயிரம் கேட்பு என்று இன்ஸ்டாகிராமில் வருகிற செய்திகளை மட்டும் நம்பிவிடாதீர்கள் என்று இளையவர்களிடம் சொல்வேன். கேட்பது ஆட்கள் அல்ல, இயந்திரங்கள். கண்டுபிடித்தால் பாட்டையே இறக்கிவிடுவார்கள். அதைவிட, வெளியீட்டுக்கு 7 நாளுக்கு முன்பே ஸ்பாட்டிஃபையின் பட்டியல் தயாரிப்பவர்களுக்குப் படிவம் நிரப்பி அனுப்பலாம்; காசு கிடையாது.

செயலியையே நம்பியிருப்பதிலும் ஆபத்து உண்டு. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடைசெய்யப்பட்டபோது, கிராமத்துப் பாடகர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் சேர்த்த ரசிகர் கூட்டம் ஒரே இரவில் இல்லாமல்போனது. 2024இல் ரெஸ்ஸோ, விங்க் என்ற பாட்டுச் செயலிகளும் இங்கே மூடப்பட்டன. என் நோட்டுப் புத்தகத்தில் என் பாட்டைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் தொலைபேசி எண்கள் இருக்கின்றன. புதுப் பாட்டு வந்தால் அவர்களுக்கு நானே செய்தி அனுப்புகிறேன். நிகழ்ச்சிக்குப் போகும்போது பாட்டுகள் ஏற்றிய பென் டிரைவும் பாடல்வரிப் புத்தகமும் எடுத்துப் போகிறேன். இரண்டும் சேர்த்து 200 ரூபாய். ஆட்டோக்காரர்களும் வேன் ஓட்டுநர்களும் வாங்குகிறார்கள். ஒரு நல்ல நிகழ்ச்சியில் பென் டிரைவ் விற்று வருவது, செயலிகள் ஓராண்டில் தருவதைவிட அதிகம்.

அதனால் மேடைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தமிழ்நாட்டில் சொந்தப் பாட்டுக்கு மேடை குறைவு. சபாக்கள் கர்நாடக இசைக்கு. ஹோட்டல்களில் ஹிட் பாட்டு கேட்கிறார்கள். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணிவரைதான் சட்டப்படி நேரம். இருந்தும் சிலர் வழி திறந்திருக்கிறார்கள். சென்னையில் 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்து விழா தொடங்கியது. 2018 ஜனவரியில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் அமைப்பின் முயற்சியில், டென்மாவின் இசையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு மேடையேறியது. 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' விழா வந்தது. சினிமா இல்லாமல் பாட்டுக்கு வேலை உண்டா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இரண்டு பாட்டு. கொடைக்கானலில் ஒரு தொழிற்சாலை விட்டுச்சென்ற பாதரச மாசுக்கு எதிராக 2015இல் சோஃபியா அஷ்ரஃப் பாடியது. தொழிலாளர்கள் பல ஆண்டுகளாக நடத்திவந்த போராட்டத்தின்மேல் உலகத்தின் கண் விழ அது உதவியது, 2016 மார்ச்சில் 591 பேருக்கு அந்தத் தொழிற்சாலையை நடத்திய நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டது. எண்ணூர்க் கழிமுகத்துக்காக 2017இல் கபேர் வாசுகி எழுதி டி.எம். கிருஷ்ணா பாடிய புறம்போக்குப் பாட்டு இன்னொன்று.

ஆனாலும் சுயாதீன இசையில் ஒருவர் கவனம் பெற்றதுமே நாம் கேட்பது, "அடுத்து எந்தப் படத்துக்கு இசை?" என்றுதான். ஹிப்ஹாப் தமிழா 2012இல் சொந்த ஆல்பத்தோடு வந்து சினிமாவுக்குப் போனார்கள். 2024இல் 'கட்சி சேர' பாட்டோடு வந்த சாய் அபயங்கர் உடனே படங்களுக்கு ஒப்பந்தமானார். போனது தவறே இல்லை. நல்ல இசை எங்கிருந்து வந்தாலும் மகிழ்ச்சி. சினிமாவின் வாசலில் நிற்கும் வரிசையாக மட்டுமே இந்தத் துறையைப் பார்க்கிற பார்வைதான் எங்களைக் கொல்கிறது. போக விரும்பாதவர்களுக்கும், கூப்பிடப்படாதவர்களுக்கும் இங்கே பிழைப்பு இருக்க வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, ஊர்த் திருவிழாவுக்கு மெல்லிசைக் குழுவை அமர்த்துகிறீர்கள். அந்தக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவரிடமோ பாடுகிறவரிடமோ சொந்தமாக மெட்டுப்போட்ட பாட்டு கட்டாயம் இருக்கும். யாரும் கேட்காததால் நோட்டிலேயே கிடக்கும். முன்பணம் கொடுக்கும்போதே சொல்லுங்கள்: "கடைசியில் அரைமணி நேரம் உங்க சொந்தப் பாட்டு பாடுங்க, அதுக்குத் தனியா காசு தர்றோம்." பாடி முடித்ததும் யார் எழுதியது என்று மைக்கில் சொல்லச் சொல்லுங்கள்.